அகராதியில் அகப்படாத கலிங்கு

1978, ஐப்பசி அடைமழை. சிதம்பரத்தில் நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்து பதினோராவது நாள். பொறியாளர் கிறுக்கிக் கொடுத்த கடிதத்தை ரெமிங்டனில் அடித்துக்கொண்டிருந்தேன். ஏரியின் பெயர் புரிந்தது, கரையின் நீளம் புரிந்தது. நடுவில் ஒரு சொல் வந்து விரலை மறித்தது: கலிங்குலா. அதன் தெற்குப் பக்கச் சுவரில் விரிசல் கண்டிருக்கிறதாம்.

நான் பி.ஏ. வரலாறு. ரோமாபுரியில் காலிகுலா என்று ஒரு கிறுக்கு மன்னன் இருந்தது தெரியும். அவனுக்கும் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஏரிக்கும் என்ன சம்பந்தம்? மேசை இழுப்பறையில் இருந்த கையடக்க அகராதியை எடுத்துப் புரட்டினேன். இல்லை. ‘சி’ போட்டுப் பார்த்தேன், ‘கே’ போட்டுப் பார்த்தேன், இல்லவே இல்லை. வேறு வழியில்லாமல் ஹெட் கிளார்க்கிடம் போய் நின்றேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஏந்தம்பி, ஏரி நெறைஞ்சா தண்ணி எங்க வழியும்?”

“கலிங்குல சார்.”

“அதோட ஒரு ‘லா’ சேத்துக்க. துரை வாயில அப்படித்தான் வந்திருக்கு. போய் அடி.”

என் அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். கலிங்கு பாய்கிறது என்று யாராவது கத்தினால் துண்டை உருவிக்கொண்டு கெண்டை பிடிக்க ஓடிய பயல் நான். எனக்கு என் கலிங்கே தெரியாமல் போயிற்று. அன்று பட்ட வெட்கம்தான் இன்றுவரை என்னைப் பிடித்து ஆட்டும் பழக்கத்துக்கு வித்து. ஆங்கிலத்தில் புரியாத சொல் எதிர்ப்பட்டால் முதலில் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். பாதி நேரம் அது நம் தெருவிலிருந்து போனதாக இருக்கும்.

அந்த அலுவலகத்துக் கோப்புகளே ஒரு புதையல். அணைக்கட்டு அங்கே ‘அனிகட்’. கொள்ளிடம் ‘கோல்ரூன்’. ஆர்தர் காட்டன் 1836-ல் அணைக்கரையில் கட்டியது ‘லோயர் அனிகட்’, நமக்குக் கீழணை. வடவாற்றின் வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. தடுப்பணைக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லாமல் இல்லை, ‘வியர்’ என்று ஒன்று உண்டு. ஆனால் ஆழம் காணாத மணலில் அடித்தளம் நிற்கும் வித்தையை அவர்கள் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றார்கள். காட்டனே அதை எழுதி வைத்திருக்கிறார். வித்தையோடு பெயரும் ஒட்டிக்கொண்டு போயிற்று என்பது என் கணிப்பு. இலங்கையில் பாசனக்காரர்கள் இன்றைக்கும் ஆங்கிலத்தில் ‘அனிகட்’ என்றுதான் எழுதுகிறார்கள்.

எண்பதுகளில் ஒருமுறை சென்னைக்குப் போனபோது திருவல்லிக்கேணி நடைபாதையில் தலையணை பருமனில் ஒரு மறுபதிப்புப் புத்தகம் கிடைத்தது. பெயர் ‘ஹாப்சன்-ஜாப்சன்’. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் தங்கள் பேச்சில் கலந்துகொண்ட சொற்களுக்கான அகராதி. முதல் பதிப்பு 1886. தொகுத்தவர்கள் இருவர். ஒருவர் ஹென்றி யூல், படைப்பொறியாளர், வடக்கே பழைய கால்வாய்களைச் சீர்படுத்தும் வேலையிலும் இருந்தவர். ஆக, நம் துறைக்காரர்! இன்னொருவர் ஆர்தர் பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். புத்தகம் அச்சாகிப் பார்க்கும் கொடுப்பினை அவருக்கு இல்லை. 1882-லேயே இறந்துபோனார்.

தலைப்பே ஒரு கூத்து. முஹர்ரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று மாரடித்து அழுவதைக் கேட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் அது ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்று விழுந்ததாம். துக்கத்தில் எழுந்த குரல் கேட்பவன் காதில் இரண்டு துரைமாரின் பெயராக மாறிவிடுகிறது. அடுத்தவர் பேச்சைக் காது எப்படித் தன் வசதிக்குத் திருத்திக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைத்திருக்காது.

பேருந்தில் டயர் வெடித்துப் புதுச்சத்திரத்தில் ஒரு மணி நேரம் நின்ற நாளில் அந்தப் புத்தகம் மடியில் இருந்தது. ‘டயர்’ என்ற சொல்லைத் தேடினேன். இருந்தது. பொருள்: தயிர்! தென்னிந்தியாவில் உறைந்த பாலுக்கு வழங்கும் பெயர் என்று விளக்கம். பக்கத்து இருக்கைக்காரர் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

நம் மிளகுத்தண்ணி ‘மல்லிகடானி’ ஆனது பலருக்கும் தெரியும். தெரியாதது அதன் வால். மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களை வங்காளத்து ஆங்கிலேயர்கள் ‘மல்’ என்று கிண்டலடித்தார்கள், மிளகுத்தண்ணிக்காரர்கள் என்று அர்த்தம். பம்பாய்க்காரர்களுக்கு ‘வாத்து’ என்று பட்டம். வங்காளத்துக்காரர்களை மற்றவர்கள் ‘கோய் ஹை’ என்றார்கள். ‘யாரங்கே’ என்று வேலைக்காரனைக் கூப்பிட்டே காலம் தள்ளியவர்கள் என்பதால். கஞ்சி ‘காஞ்சீ’ ஆயிற்று, அதிலிருந்து ‘காஞ்சீ ஹவுஸ்’ பிறந்தது. கஞ்சித்தொட்டி என்று நினைப்பீர்கள். படைமுகாமின் சிறைக்கொட்டடிக்கு அந்தப் பெயர். உள்ளே போனால் கஞ்சிதான் சாப்பாடு. நமக்குப் பசியாற்றும் பொருள் அவர்கள் பட்டியலில் தண்டனைப் பொருள்.

என் ஊர் கடலூர் ஓ.டி. பழைய ஊர். ஊர்ப் பெயருக்கும் அந்த அகராதியில் ஒரு பதிவு உண்டு. ‘கடல் ஊர்’ என்பதே சரியான பெயராக இருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். எங்கள் தாத்தா ஒருநாளும் கடலூர் என்று சொன்னதில்லை. கூடலூர் என்பார். ஆறுகள் கூடுமிடம் என்ற பொருளில் வந்த பெயர், கெடிலமும் பரவனாறும் கூடும் முகத்துவாரத்தில் ஊர் இருக்கிறது. ஆனால் பாருங்கள், இன்று அரசுப் பலகை, ரயில் டிக்கெட், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் கடலூர்தான். யூலும் பர்னெலும் போட்ட கணக்கு தப்பு, விடை மட்டும் நிலைத்துவிட்டது.

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது ஒப்பந்தத்தில் ஒரு வினோத ஷரத்து. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எதுவரை போகுமோ அதுவரை உள்ள நிலமும் சேர்த்தி. மதராஸிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டார்கள். உள்ளே அகப்பட்டவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று நாங்கள் தினமும் சொல்கிற பெயர்களில் அந்தப் பீரங்கிச் சத்தம் இருக்கிறது. குண்டூசி வாங்கப் போகிற பெயர் போல ஷேர் ஆட்டோவில் ‘குண்டு சாலை, குண்டு சாலை’ என்று கூவுகிறார்கள்.

அதே தேவனாம்பட்டினக் கடற்கரையில் என்னோடு காலையில் நடக்கும் மீனவர் ஒருவர். என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணே என்பேன். இளம்வயதில் கட்டுமரம் தள்ளியவர், இப்போது மகன்கள் ஃபைபர் படகில் போகிறார்கள். அவருடைய பேரனின் பாடப் புத்தகத்தில் ‘கேட்டமரான்’ என்று ஒரு படம். இரண்டு ஒல்லியான படகுகள் பக்கத்தில் பக்கத்தில், நடுவே ஒரு மேடை, மேலே வெள்ளைப் பாய்.

“இது கட்டுமரம்னு வாத்தியார் சொன்னாராம். இது எங்கூருல்ல சார். கட்டுமரத்துக்கு ஏது சார் உள்ளு? தண்ணி ஏறும், தண்ணி எறங்கும். அதுக்குத்தானே கட்டுறது?”

அவர் சொல்வது சரி. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தது கட்டுமரம். அலை புரட்டினால் மூழ்காது, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப் போடலாம். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-ல் வெளியான தன் பயண நூலில் இதைப் பற்றி எழுதினார். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போன பிறகு பட்ட பாடு இருக்கிறதே! 1804-ல் நெப்போலியனின் கப்பல்களைத் தகர்க்க பூலோன் துறைமுகத்துக்கு அனுப்பிய மிதக்கும் வெடிப்பெட்டிகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணை ‘கேட்டமரான்’ என்று வைதார்கள். ‘கேட்’ என்றால் பூனை என்பதால் இருக்கலாம். 1876-ல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட பாய்ப் படகு ஒன்றைச் செய்து பந்தயத்தில் விட்டார். அந்த வகைப் படகுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரட்டை உடல் படகு பசிபிக் தீவுக்காரர்களின் கலை. பெயர் சோழமண்டலக் கரையுடையது. ஒருவர் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொருவர் வீட்டு இன்ஷியல். அண்ணனிடம் இதைச் சொன்னேன். “எங்க பேரு அவனுக்கு, எங்களுக்கு ஃபைபரு” என்றார்.

ரயிலில் சிதம்பரம் போகும்போது ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டினால் பரங்கிப்பேட்டை. அதன் ஆங்கிலப் பெயர் ‘போர்ட்டோ நோவோ’ போர்த்துகீசியம், புதுத்துறை என்று பொருள். ஜோசியா ஹீத் என்பவர் 1830-களில் சேலத்து இரும்புத் தாதைக் கொண்டுவந்து அங்கே ஆலை வைத்தார். அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வரும் சொல் ‘வூட்ஸ்’. நம் நாட்டு உருக்கு எஃகுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். கன்னடத்தில் எஃகு ‘உக்கு’, நமக்கு ‘உருக்கு’. உக்கு எப்படி வூட்ஸ் ஆயிற்று? ‘வூக்’ என்று எழுதப்பட்டது அச்சில் ‘வூட்ஸ்’ ஆகியிருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்களின் தீர்ப்பு. தட்டச்சராக முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இதைவிட ஆறுதல் உண்டா? நான் அடித்த தப்புகளுக்கு மெமோதான் வந்தது. யாரோ ஒருவரின் எழுத்துப் பிழைக்கு உலகத்து உலோகவியல் நூல்களில் நிரந்தர இடம்.

இனி வரும் சொல்லை நான் ஒருமுறைகூட விரும்பி அடித்ததில்லை. ஆங்கிலச் செய்தித்தாளில் ஏதாவது ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கி வைத்தால் உடனே ‘பரையா’ நாடு என்று எழுதுகிறார்கள். எழுதுபவர் அமெரிக்காவில் இருப்பார், அது ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயர் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. பறை என்பது தோற்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல், மலையாளத்தில் இன்றும் பேசுவதற்கு அதுதான் சொல். சேதி சொன்னவர்களின் பெயர், யாரும் பேசக்கூடாதவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக்காரன் தானாக அந்தப் பொருளைக் கண்டுபிடிக்கவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஊருக்குள், உயர்ந்த திண்ணைகளில் இருந்தார்கள். சேரியில் யாரையும் அவன் அர்த்தம் கேட்டிருக்க மாட்டான். போதாக்குறைக்குப் பருந்துக்கும் நாய்க்கும் அதே அடைமொழியைப் போட்டுப் புத்தகம் எழுதினார்கள்.

அந்தச் சொல்லைத் திருப்பிப் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தன் பத்திரிகைக்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை முகப்பில் பெரிதாக அச்சடித்துத் தெருவில் விற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனாரின் பெயரால் பள்ளி தொடங்கினார். எங்கள் அலுவலகத்தில் எனக்கு ஆங்கிலக் கடித நடை சொல்லிக்கொடுத்த சீனியர் அந்தப் பள்ளியில் படித்தவர். நான் அகராதி பைத்தியம் பிடித்து அலைந்த நாட்களில் இந்தச் சொல்லின் வரலாற்றை அவரிடம் உற்சாகமாக ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “உனக்கு அது வார்த்தை. எனக்கு அது காதுல விழுந்த சத்தம்” என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கூலி, கங்காணி, துண்டு. இந்த மூன்றும் சேர்ந்து கப்பலேறிய சொற்கள். ‘கூலி’ குஜராத்தின் கோலிகளிடமிருந்து வந்ததா நம் கூலியிலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ‘துண்டு’ சந்தேகமில்லாமல் நம்முடையது. இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளி ஒரு தோட்டம் விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், அவன் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு வேண்டும். அதை அடைத்தால்தான் ஆள் மாறலாம். அந்தச் சீட்டு ஆங்கிலச் சட்டப் புத்தகத்திலும் ‘துண்டு’தான். 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். என் அலுவலகத்தில் பேனா, கார்பன் தாள் கேட்க ‘இண்டென்ட்’ போடுவோம். பல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரே தாளில் ஒப்பந்தத்தை இரண்டு தரம் எழுதிப் பல் பல்லாக வெட்டி ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள், பிறகு பொருத்திப் பார்த்தால் போலி எதுவென்று தெரிந்துவிடும். நேட்டாலுக்கும் மொரீசியஸுக்கும் நம்மவர்களை ஏற்றிப் போன ‘இண்டென்ச்சர்’ ஒப்பந்தமும் அதே பல்லிலிருந்து பிறந்ததுதான். கார்பன் தாளுக்கு எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது, அது தெரியும் வரை.

போன சொற்களைச் சொன்னேன். அங்கே செத்து இங்கே வாழ்கிறவை தனிக் கதை. ‘டிபன்’ இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டுக் கொச்சை, சிறிது சிறிதாகக் குடிப்பதைச் சொன்னது. அங்கே இப்போது யாரும் சொல்வதில்லை. சிதம்பரம் மேலவீதியில் காலை ஏழு மணிக்குப் போய் நின்று பாருங்கள், அந்தச் சொல் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறதென்று. ‘ஸ்டெப்னி’யும் அப்படித்தான். வேல்ஸ் நாட்டு லானெத்லி ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று. அங்கே 1904-ல் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். லண்டன்காரனிடம் ஸ்டெப்னி கேட்டால் தங்கள் ஊரின் ஒரு பகுதிக்கு வழி சொல்வான். கடலூர் பேருந்து நிலையத்தில் கேட்டால் சக்கரம் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும், என் வாட்ஸப்பில் தினமும் வந்து விழும் பட்டியல்களுக்காக. ஆங்கிலம் முழுவதுமே தமிழிலிருந்து திருடியது என்று ஒருவர் ஐந்நூறு சொல் அனுப்புகிறார். ஓசை ஒத்தால் உறவாகிவிடுமா? ‘கேஷ்’ என்ற சொல் காசிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. கம்பெனி காலத்து மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தச் சின்னச் செம்புக்காசை ஆங்கிலேயர் எழுதிய ‘கேஷ்’ நம் காசு, போர்த்துகீசியர் வாய்வழி போனது. பிறகு சீனத்துத் துளைக்காசுக்கும் அதே பெயரை வைத்தார்கள். ஆனால் வங்கியில் ‘கேஷ் கவுண்டர்’ என்கிறோமே, அந்த ‘கேஷ்’ பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பணம் வைக்கும் பெட்டியே பணத்துக்குப் பெயராயிற்று. ஒரே எழுத்து, ஒரே ஓசை, இரண்டு பிறப்பு. ‘மாங்கோ’வும் ‘செரூட்’டும் ‘கறி’யும் ‘வெட்டிவேரும்’ இருக்கும்போது இல்லாததற்கு ஏன் ஆசைப்பட வேண்டும்? இதை எழுதி அனுப்பினால் குழுவிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். இரண்டு முறை ஆயிற்று.

சிதம்பரத்தையும் அந்தப் பருத்த அகராதி விட்டுவைக்கவில்லை. ‘சில்லம்ப்ரம்’ என்று ஒரு பதிவு. தில்லை என்ற பழைய பெயருக்கு உரிய மரம் கோயில் ஊருக்குக் கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்பில் இன்றும் நிற்கிறது. அதன் பால் பட்டால் கண் போகும் என்பார்கள். ஆங்கிலேயர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘உன் கண்ணைக் குருடாக்கும் மரம்’. தாவரவியல் லத்தீன் பெயரிலும் குருடுதான். கூத்தனைக் கண்டு கண் குளிரும் ஊருக்குப் பெயர் கொடுத்த மரம் அது. வெளியூர்க்காரனுக்கு முதலில் பட்டது அதன் பால்.

போன வருஷம் வடகிழக்குப் பருவமழையில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏரி நிரம்பிவிட்டது என்று ஊரே கரையில் நின்றது. நானும் குடை பிடித்துக்கொண்டு போனேன். இளம் பொறியாளர் ஒருவர், என் பேத்தி வயது, செம்மண் படிந்த காலணியோடு கைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: “சர்ப்ளஸ் வியர்ல பதினஞ்சு சென்டிமீட்டர் ஓவர்ஃப்ளோ ஆகுது சார்.” பக்கத்தில் ஆடுகளை மறித்துக்கொண்டு நின்ற கிழவி என்னிடம், “கலிங்கு பாயுது பாத்தியா தம்பி, மூணு வருசம் ஆச்சு” என்றாள்.

பொறியாளர் பேசி முடித்துத் திரும்பினார். “பாட்டி என்ன சொல்றாங்க சார்? கலிங்கா?”

நான் பதில் சொல்லுமுன் கிழவி முந்திக்கொண்டாள். “அதாங் கண்ணு, நீ இப்ப போன்ல சொன்னியே, அது.”

அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கைபேசியில் குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில்தான் அடித்திருந்தார். கடைசியில் ‘லா’ இல்லை.